யோசிக்க ஒரு மணி நேரம்

ஓர் ஆண் "ஆபரேஷன்" என்று சொன்னால் "எதுக்கு?" என்று கேட்போம். கண்ணா, குடலிறக்கமா, இதயமா என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? இரண்டாவது பிள்ளை பெற்றவளிடம் அப்படி யாரும் கேட்பதில்லை. "ஆபரேஷன் பண்ணியாச்சா?" என்றால் அது குடும்பக்கட்டுப்பாடு ஒன்றுதான். அடைமொழி உதிர்ந்துபோகும் அளவுக்குப் பழகிவிட்ட சொல்.

என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவம் ஆன மறுநாள் காலை, வார்டில் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து நான் உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மா ஒரு படிவத்தோடு வந்து, "ரெண்டும் ஆச்சுல்ல, பண்ணிடலாமா?" என்றார். "பண்ணிடுங்கம்மா" என்று பதில் சொன்னது எங்கள் அம்மா. அத்தான் டீ வாங்கப் போயிருந்தார். படிவத்தை ஃபிளாஸ்க் மூடி மேல் வைத்து, எழுந்து உட்கார முடியாமல் சாய்ந்தபடியே அக்கா கையெழுத்துப் போட்டாள். முழுதாக இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. வருஷங்கள் கழித்து ஏதோ பேச்சில் சொன்னாள்: "எனக்கும் போதும்னுதான் இருந்துச்சு. ஆனா என்னைக் கேட்டிருக்கலாம்."

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றியது. ஆபரேஷன் நடந்ததா இல்லையா என்பதை அரசாங்கம் எண்ணி வைத்திருக்கிறது. கேட்டார்களா என்பதை எண்ணத்தான் நெடுங்காலம் ஆள் இல்லை. அதை எண்ண ஆரம்பித்தவர்களின் வேலைக்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் பெயர் 'இனப்பெருக்க நீதி'. பெயர் என்னவோ கால்நடைத் துறை சுற்றறிக்கை மாதிரி ஒலிக்கிறது. வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை இதை வைத்தே ஓட்டுவோம்.

இந்தச் சொல் பிறந்தது 1994 ஜூன் மாதம், அமெரிக்காவின் சிகாகோ நகரில். பன்னிரண்டு கறுப்பினப் பெண்கள் கூடிப் பேசி உருவாக்கியது. அதற்கு முன் அங்கே பெண்கள் இயக்கத்தின் கோஷம் 'தேர்வு': கருவை வைத்துக்கொள்வதும் கலைப்பதும் என் விருப்பம். இவர்களோ, தேர்வு என்பது கையில் காசும் பக்கத்தில் ஆஸ்பத்திரியும் உள்ளவளுக்குத்தான் என்றார்கள். தங்கள் பாட்டிகளுக்கும் அம்மாக்களுக்கும் நேர்ந்தது வேறு. பிள்ளை வேண்டாம் என்ற உரிமை மறுக்கப்பட்டது போலவே, வேண்டும் என்ற உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. 1973-ல் அலபாமா மாநிலத்தில் 14, 12 வயதுச் சகோதரிகள் இருவருக்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய், ஏதோ ஊசி போடுகிறார்கள் என்று நம்பிக் காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். வழக்கு நடந்தபோது தெரியவந்த கணக்கு இன்னும் பெரியது: அரசுப் பணத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் முதல் 1.5 லட்சம் வரை ஏழைகளுக்கு இப்படி அறுவை நடந்துகொண்டிருந்தது.

ஆகவே அந்தப் பன்னிரண்டு பேரும் மூன்றைச் சேர்த்துக் கேட்டார்கள். பிள்ளை வேண்டாம் என்றால் பெறாமல் இருக்கும் உரிமை. வேண்டும் என்றால் பெறும் உரிமை. பெற்ற பிள்ளையை அச்சமில்லாத இடத்தில் வளர்க்கும் உரிமை. மூன்றாவதில் கூலி, குடிதண்ணீர், போலீஸ், சாதி, நிறம் எல்லாம் வந்துவிடுகின்றன. மருத்துவம் மட்டும் பேசி இதை முடிக்க முடியாது.

நம் ஊருக்கு இது முழுக்கப் புதிய சரக்கும் அல்ல. கருத்தடையை ஆதரித்தவர்கள் 1930-களில் பலர் இருந்தார்கள். தாயின் உடம்புக்கு நல்லது, நாட்டின் வறுமை குறையும், பிள்ளைகளை நன்றாக வளர்க்கலாம் என்பன அவர்கள் சொன்ன காரணங்கள். அவற்றிலிருந்து தன் காரணத்தைப் பிரித்துக் காட்டியவர் பெரியார். பெண் விடுதலை பெறவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் இதற்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. அரசாங்கம் பிற்பாடு எடுத்துக்கொண்டது மற்றவர்களின் காரணத்தை, பெரியாருடையதை அல்ல.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் ஆர்.ஏ. கோபாலசாமி. மூன்று பிள்ளைகள் பெற்று, அதில் ஒன்றாவது உயிரோடிருக்கும் தாய் மறுபடி பெற்றால், அந்தப் பேற்றை 'முன்யோசனையற்ற தாய்மை' என்று பெயரிட்டு அறிக்கையில் எழுதினார். முன்யோசனை இல்லாதது தாய்க்காம். தகப்பன் அந்த வரையறையில் எங்கும் இல்லை. பிற்பாடு அவர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். கருத்தடை அறுவைக்கு ரொக்கம் கொடுக்கும் வழக்கம் 1950-களிலேயே இங்கே தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆள் கூட்டி வருபவருக்கும் பணம். கிராமத்துப் பேச்சில் இதற்கு 'கேஸ் பிடிக்கிறது' என்று பெயர்.

அந்நாளில் கேஸ் என்றால் பெரும்பாலும் ஆண்கள். 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் சுமார் 63,000 ஆண்களுக்கு வாசெக்டமி என்ற ஆண் கருத்தடை அறுவை செய்தார்கள். திருவிழா போல் நடத்தினார்கள், பரிசுப் பொருளும் உண்டு. பிறகு வந்தது நெருக்கடி நிலை. 1976–77 என்ற ஓராண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள், பெரும்பகுதி ஆண்களுக்கு, பல இடங்களில் பலவந்தமாக. 1977 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது. ஆணைத் தொட்டால் ஓட்டுப் போகும் என்ற பாடத்தை எல்லாக் கட்சிகளும் கற்றுக்கொண்டன. இலக்கு அப்படியே இருந்தது, உடம்பு மட்டும் மாறியது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவையை நம்பியிருப்போர் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் விகிதம் பாதிக்கும் மேல். இங்கே தலைமைச் செயலாளராக இருந்த டி.வி. அந்தோணியின் முன்னெழுத்துகளை 'டியூபெக்டமி, வாசெக்டமி' என்று விரித்துக் கேலி பேசுவார்கள். கேலியில் பெண், ஆண் அறுவை இரண்டும் சமமாக வருகிறது, ஆஸ்பத்திரியில் வருவதில்லை.

இவ்வளவும் அரசாங்கத்தின் கணக்கு. மறுபக்கக் கணக்கு எங்கே தொடங்கியது?

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் என்று சொல்வேன். ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதி 1980-களில் அங்கே போய்க் குடியேறினார்கள். அதுவரை கிராமத்துப் பெண்ணின் உடம்பு அரசுக்கு இரண்டு சந்தர்ப்பங்களில் மட்டும் தேவைப்பட்டது: பிரசவம், அதைத் தடுப்பது. இடையில் அவளுக்கு என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக் கணக்கை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆஸ்பத்திரிக்கு வந்தவள்தானே அதில் இருப்பாள்? ஆகவே இவர்கள் இரண்டு கிராமங்களை எடுத்துக்கொண்டு, திருமணமாகாதவர்களையும் சேர்த்து 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். முடிவு 1989-ல் 'லான்செட்' இதழில் வந்தது. 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கர்ப்பப்பை அல்லது பிறப்புறுப்பு நோய் இருந்தது. ஒருத்திக்குச் சராசரியாக 3.6 நோய். அதற்குமுன் இதற்காகப் பரிசோதிக்கப்பட்டவர்கள் 8 சதவீதம் மட்டுமே.

இன்னொரு எண்ணும் அதே ஆய்வில் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தொந்தரவு இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் 55 சதவீதம்தான். மீதிப் பேரில் பலர், வெள்ளைப்படுவதும் இடுப்பு கடுப்பதும் பெண்ணாய்ப் பிறந்தால் இருக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டார்கள். பொதுச் சுகாதார ஆய்வு என்பது என்ன என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்: தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்ததை, மருந்து கொடுத்தால் தீரும் நோய் என்று எண்ணிக் காட்டுவது. 1994 செப்டம்பரில் கெய்ரோவில் 179 நாடுகள் கூடிய மக்கள்தொகை மாநாட்டில், தலையை எண்ணுவதை விட்டுப் பெண்ணின் ஆரோக்கியத்தைப் பாருங்கள் என்ற வாதம் வென்றதற்கு இப்படிப்பட்ட ஆய்வுகளும் காரணம். இந்தியா 1996 ஏப்ரலில் கருத்தடை இலக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தது. காகிதத்தில் கைவிட்டது என்று திருத்திக்கொள்கிறேன்.

கட்சிரோலியில் டாக்டர்கள் பெண்களைப் பரிசோதித்தார்கள் என்றால், செங்கல்பட்டில் கேள்வி கேட்கக் கிளம்பியவர்கள் அந்தக் கிராமங்களின் பெண்களே. 1981-ல் பன்னிரண்டு தலித் பெண்களும் ஆய்வாளர் சுந்தரி ரவீந்திரனும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு 'ரூசெக்'. வெளியூரிலிருந்து பேப்பர் பேனாவோடு வருபவரிடம் பெண்கள் ஒன்று சொல்வார்கள். பக்கத்துத் தெருக்காரியிடம், களை எடுக்கும்போது கூட நின்றவளிடம் சொல்வது வேறு. அந்த வேறுபாட்டை ஆய்வு முறையாகவே ஆக்கிக்கொண்டதுதான் இவர்கள் சாமர்த்தியம்.

2001–02-ல் இவர்கள் 98 குக்கிராமங்களைச் சேர்ந்த, இரண்டு தலைமுறைப் பெண்கள் 66 பேரிடமும் கணவர்கள் 44 பேரிடமும் கருக்கலைப்பு பற்றி உட்கார்ந்து பேசினார்கள். பெண்கள் ஏன் கலைக்கிறார்கள் என்பது கேள்வி. வழக்கமான விடை எல்லாருக்கும் தெரியும்: கருத்தடைச் சாதனம் பயன்படுத்துவதில்லை, விழிப்புணர்வு இல்லை, ஆகவே நோட்டீஸ் அடி, முகாம் போடு. பேசிப் பார்த்தபோது கிடைத்தது வேறு விடை. புருஷன் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் அடி, சந்தேகம். கருவைக் கலைத்துவிட்டு வா என்பதற்கு வீட்டில் அனுமதி உண்டு, இன்றைக்கு வேண்டாம் என்பதற்கு இல்லை. இளையவர்கள், மூத்தவர்கள் இரு சாராரிடமும் இதே கதை. படுக்கையில் மறுக்க முடியாதவளுக்கு மாத்திரை அட்டை கொடுத்து அனுப்பினால் பிரச்சினை தீருமா என்று அந்த ஆய்வுக் கட்டுரை 2004-லேயே கேட்க வைத்தது.

பதினெட்டு ஆண்டு கழித்து, 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 20 முதல் 24 வாரம் வரையிலான கருவைக் கலைக்கச் சட்டம் தரும் வாய்ப்பைத் திருமணமாகாத பெண்ணுக்கு மறுக்கக் கூடாது என்றது. கூடவே, கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை 'வன்புணர்வு' என்ற சொல்லில் கணவன் செய்யும் பலவந்தமும் அடங்கும் என்றது. செங்கல்பட்டுக் கட்டுரையைப் படித்துத்தான் நீதிபதிகள் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குக்கிராமப் பெண்கள் சொன்னது சட்டத்தின் மொழிக்குள் வர அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. அதுவும் கருக்கலைப்புச் சட்டத்துக்கு மட்டும். குற்றவியல் சட்டத்தில் கணவனுக்கு உள்ள விலக்கு இன்றும் அப்படியே இருக்கிறது.

இனி ஆபரேஷனுக்கே திரும்புவோம்.

2012 ஜனவரி 7, பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளிக்கூடம், இரவு. ஒரே மருத்துவர் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுதான் அறுவை மேசை, வெளிச்சத்துக்கு டார்ச் லைட். வகுத்துப் பார்த்தால் ஒருத்திக்கு இரண்டேகால் நிமிடம். இதை விசாரித்து, ஆட்களைப் பார்த்துப் பேசி, எழுதி வைத்தவர் தேவிகா பிஸ்வாஸ் என்ற சுகாதார உரிமைச் செயல்பாட்டாளர். அதே ஆண்டு அவர் உச்ச நீதிமன்றம் போனார்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அடுத்தது நடந்தது. 2014 நவம்பர் 8, சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே, செயல்படாமல் கிடந்த ஒரு தனியார் மருத்துவமனைக் கட்டடத்தில் முகாம். சில மணி நேரத்தில் 83 பெண்கள், ஒரே லேப்ராஸ்கோப். தொப்புள் அருகே சிறு துளை போட்டு உள்ளே விடும் குழாய்க் கருவி அது. ஒருத்தி வயிற்றிலிருந்து எடுத்து அடுத்தவள் வயிற்றில் வைக்கும் முன் கிருமிநாசினிக் கரைசலில் 20 நிமிடம் ஊற வேண்டும். அதனால்தான் ஒரு கருவிக்கு நாளொன்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடாது என்று அரசின் விதி இருக்கிறது. 83 பேருக்கு ஊறவைக்கும் நேரம் மட்டும் போட்டாலே 27 மணி நேரத்தைத் தாண்டும். அந்த முகாமிலும் அதையொட்டி நடந்த மற்ற முகாம்களிலுமாக 13 பெண்கள் இறந்தார்கள். குற்றம் கொடுத்த மாத்திரையிலா, செய்த அறுவையிலா என்ற வாதம் நீண்டுகொண்டே போனது. உண்மை அறியப் போன மருத்துவர்களும் பெண்கள் அமைப்புகளும் அந்த ஒற்றைக் கேள்வியோடு நிற்கவில்லை. யாரை அழைத்து வந்தார்கள், என்ன சொல்லி, எந்த வண்டியில், எவ்வளவு கொடுத்து என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்பட்ட சமூகத்துப் பெண்கள்.

இறந்தவர்களில் ஒருவர் பைகா பழங்குடி. அழியும் நிலையில் உள்ள இனம் என்று சொல்லி அவர்களுக்குக் கருத்தடை அறுவை செய்யக் கூடாது என 1979-லேயே அரசு உத்தரவு இருந்தது. தடை இருந்தும் ஒருத்தியைக் கூட்டிப் போய்க் கத்தி வைத்தார்கள். இன்னொரு பக்கம், பிள்ளை போதும் என்று தாமாக வரும் பைகாப் பெண்களை அதே உத்தரவைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். பிற்பாடு அந்தத் தடையை நீக்கக் கோரி பைகாப் பெண்களே நீதிமன்றம் போனார்கள். சிகாகோவில் கூடியவர்கள் ஏன் 'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டையும் ஒன்றாகக் கட்டினார்கள் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் தீர்ப்பு 2016 செப்டம்பர் 14 அன்று வந்தது. நீதிபதிகள் மதன் லோகூர், யு.யு. லலித். அரசின் புள்ளிவிவரத்தையே எடுத்து வைத்தது நீதிமன்றம்: 2010 முதல் 2013 வரை இந்த அறுவையின்போதோ அதன்பிறகோ இறந்தவர்கள் 363 பேர். உடல்நலத்துக்கான உரிமையும் பிள்ளைப்பேறு பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமையும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்றது. மூன்றாண்டுக்குள் முகாம்களை நிறுத்தச் சொன்னது. இலக்கு வைத்து ஊழியர்களை விரட்டக் கூடாது, இழப்பீட்டுத் தொகையைக் கூட்ட வேண்டும் என்றது.

செய்தித்தாள்கள் முகாம் தடையைத் தலைப்பாக்கின. எனக்குப் பிடித்த இடம் தீர்ப்பில் வேறு. அறுவைக்கு முன், அது என்ன, என்னென்ன பின்விளைவு வரலாம், பிறகு மாற்ற முடியுமா என்பதையெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும். சொன்னதோடு கையெழுத்து வாங்கிவிடக் கூடாது. மனம் மாறினால் எழுந்து போக வசதியாக, சுமார் ஒரு மணி நேரம் மூச்சு விட அவகாசம் தர வேண்டும்.

ஒரு மணி நேரம். அராரியாவில் அதைக் கடைப்பிடித்திருந்தால் யோசிக்க மட்டும் மொத்தம் 53 மணி நேரம் கொடுத்திருக்க வேண்டும்.

மற்றவை பழைய விதிகளிலேயே இருக்கின்றன, வார்டில் யாரும் படித்துக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். 22 வயதுக்குக் குறைந்தவளுக்குச் செய்யக் கூடாது. மயக்க மருந்தின் பிடியில் இருப்பவளிடம் சம்மதம் வாங்கக் கூடாது. கணவனின் கையெழுத்து தேவையில்லை. அம்மாவினுடையதோ மாமியாருடையதோ பற்றி விதியில் பேச்சே இல்லை. பிரசவத்துக்குப் பின் செய்வதாக இருந்தால் அதைப் பற்றிய பேச்சு கர்ப்ப காலத்து செக்கப்பிலேயே நடந்திருக்க வேண்டும். காப்பர் டி, மாத்திரை, ஊசி, ஆணுறை, ஆணுக்கான வாசெக்டமி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, இதில் எது என்று கேட்க வேண்டும். கத்தியில்லா வாசெக்டமி என்று ஒன்று இருக்கிறது, வயிற்றைத் திறக்க வேண்டாம், சில நிமிட வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் சுகாதாரத் துறை அதற்கென இரண்டு வாரம் ஒதுக்கிப் பிரசாரம் செய்கிறது. 0.3 சதவீதம் அந்தப் பிரசாரத்தையும் சேர்த்துத்தான்.

போன மாதம் அக்காவிடம் இந்தத் தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். ஒரு மணி நேரம் என்றதும் சிரித்தாள். "ஒரு மணி நேரம் சும்மா உக்கார வச்சிருப்பாங்களா? பிள்ளை அழுதிருக்கும்" என்றாள். பிறகு வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்: "அந்த ஒரு மணி நேரம் அத்தானையும் உள்ள கூப்பிட்டு உக்கார வைப்பாங்களாமா?"